தோசைக்கல்லும் தகரக் கூரையும்



பிற்பகல் இரண்டு மணிக்கு ஏதாவது ஒரு தோட்டத்து லயத்தின் பக்கம் போய்ப் பாருங்கள். விடியுமுன்னே எழுந்து வேலைக்காட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, குளித்து, ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர வேண்டிய நேரம் அது. ஆனால் வீட்டுக்குள் ஆளிருக்காது. பெரியவர்கள் மரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தாய்மார்கள் கைக்குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு வாசல்படியில் விசிறிக்கொண்டிருப்பார்கள். கேரித் தீவுப் பக்கத்துத் தோட்டமொன்றில், "வீடு இருக்கும்போது ஏன் பாட்டி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று ஒரு மூதாட்டியைக் கேட்டேன். "வாத்தியாரே, இந்த வீடு மழைக்குத்தான். வெயிலுக்கு இந்த மரம்தான் வீடு" என்றார்.

அந்தப் பாட்டியின் மகனுக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து படுப்பவர், பதினொரு மணிக்கெல்லாம் தொப்பலாக வியர்த்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதற்குமேல் தூக்கம் வராது. அந்தக் கண்களோடுதான் மறுபடியும் இரவு இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும். தவணையில் ஒரு ஏர்கோன் வாங்கிப் போட்டுவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனதில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் நம் தலைக்கு மேலே இருக்கும் தகரத்தின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அலையலையாக மடித்த இரும்புத் தகட்டுக்கு 1829இல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பால்மர் என்ற பொறியாளர் காப்புரிமை பெற்றார். துறைமுகக் கிடங்குகளுக்குக் கூரை போடுவதற்காக வந்த பொருள் அது. துருப்பிடிக்காமல் இருக்க அதற்கு நாகப்பூச்சு பூசக் கற்றுக்கொண்ட பிறகு உலகமெங்கும் பரவியது. நம் நாட்டில் அதற்கு முன்னால் அத்தாப்புதான். நீப்பா ஓலையைத் தைத்து வேய்ந்த கூரை. அத்தாப்பு வீட்டில் பிறந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் நண்பகலிலும் உட்காரலாம் என்று அவர்கள் சொல்வார்கள். ஓலை காற்றை அடக்கி வைத்திருக்கும், இடுக்கு வழியே சூட்டை வெளியே விடும். ஆனால் அது அடிக்கடி மாற்ற வேண்டிய கூரை, தீப்பொறி பட்டால் ஒரு லயமே போய்விடும்.

கோலாலம்பூருக்கே அந்தப் பாடம் கிடைத்திருக்கிறது. 1881 ஜனவரியில் ஊர் தீப்பற்றி எரிந்தது, அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்து மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போனது. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் வீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என்றார். அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட்டுக் கொடுத்த சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இன்று நம்மவர்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் அந்தப் பெயருக்குள் சூளையின் புகை இருக்கிறது. பட்டணத்துக்கு ஓடு வந்தது, தோட்டப்புறத்துக்குப் பெரும்பாலும் தகரம் வந்தது. கவனியுங்கள், இரண்டும் வந்தது தீக்குப் பயந்து. வெயிலைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கணக்குப் பார்க்கவில்லை.

வெயிலோ நம் ஊரில் நேர் மேலிருந்து இறங்குகிறது. கிள்ளானும் கோலாலம்பூரும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று பாகையில் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்குப் பக்கத்திலேயே நிற்கும். குளிர்நாட்டு வீட்டில் வெயில் சுவரில் சாய்ந்து விழும், நம் வீட்டில் அது கூரையில் நிமிர்ந்து விழும். மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரையின்மேல் ஏறத்தாழ ஆயிரம் வாட் விழுகிறது. புதுத் தகரம் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். துருவேறிக் கறுத்த பழைய தகரம் அப்படியே குடித்துவிடும். வெளியே காற்று 33 பாகை செல்சியஸ் இருக்கும்போது அந்தத் தகரம் 60, 65 பாகைக்கு ஏறிவிடும். பிறகு அந்தச் சூடு எப்படிக் கீழே வருகிறது?

இதை விளக்கப் பள்ளியில் நான் தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், ஆனால் கல்லைப் பெரியவர்கள்தாம் பிடிக்க வேண்டும். நீண்ட கைப்பிடி வைத்த கறுப்புத் தோசைக்கல்லை நன்றாகக் காய வையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் பிடியுங்கள். கல்லுக்கு ஒரு முழம் கீழே உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டுங்கள். சுடும். இப்போது யோசியுங்கள். சூடான காற்று மேலே போகுமே தவிர கீழே வராது. கல்லைக் கை தொடவும் இல்லை. அப்படியானால் கையைச் சுட்டது எது?

வெப்பம் மூன்று வழியில் பயணம் செய்கிறது என்று பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பார்கள். கரண்டிக் காம்பு சுடுவது கடத்தல். உலையில் நீர் மேலும் கீழும் சுழல்வது சலனம். மூன்றாவது கதிர்வீசல். சூடான பொருள் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாகத் தன் வெப்பத்தை நாலாபுறமும் வீசிக்கொண்டே இருக்கும். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலறிஞர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் பாதரசம் ஏறியது. தோசைக்கல்லிலிருந்து உங்கள் கைக்கு வந்ததும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிர்தான். தகரக் கூரையும் ஒரு பெரிய தோசைக்கல்தான். நாம் அதற்கு அடியில் கை நீட்டவில்லை, பாய் விரித்துப் படுத்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனிக் கல்லுக்கும் கைக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல், சமையலுக்குப் பயன்படுத்தும் அலுமினியத் தாள் ஒன்றை நீட்டச் சொல்லுங்கள். சூடு சட்டென்று நின்றுவிடும். விளக்கை அணைத்தது போல இருக்கும். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் கத்தும் இடம் இது. முடியைவிட மெல்லிய தாள் எப்படிச் சூட்டைத் தடுத்தது? பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மீதி ஐந்து பங்கை வாங்கிச் சூடானாலும், கீழ்ப்புறமும் பளபளப்பாக இருப்பதால் அந்தச் சூட்டைக் கீழே வீசத் தெரியாது. அது கஞ்சன் மாதிரி. வாங்கவும் மாட்டான், கொடுக்கவும் மாட்டான்.

இது புதிய மாயம் ஒன்றுமில்லை. பிரட்டுக்குப் போகும்போது பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோகிறோமே, அதன் உள்ளே கண்ணாடிக் குடுவைக்கு வெள்ளிப்பூச்சு பூசியிருப்பது எதற்கு? அதே வேலைக்குத்தான். 1892இல் ஜேம்ஸ் டூவர் என்பவர் தமது ஆய்வுக்கூடத்துக்காகச் செய்த குடுவை, பிறகு வீட்டுக்கு வந்தது. தேநீரின் சூட்டை வெளியே விடாத பூச்சு, வெயிலின் சூட்டை உள்ளேயும் விடாது.

இப்போது சின்னக் கணக்கு ஒன்று. பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை. மேலே சீலிங் இல்லை, வெறும் தகரம், 65 பாகைச் சூடு. அறைக்குள் இருக்கும் சுவரும் தரையும் 30 பாகை. தகரம் கீழே வீசும் கதிரையும் அறை மேலே வீசும் கதிரையும் கழித்துப் பார்த்தால், ஒரு சதுர மீட்டருக்கு இருநூறு வாட்டுக்குச் சற்று மேல் நிற்கிறது. அறை முழுவதற்கும் ஏறத்தாழ 2,400 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்துத் தலைக்கு மேல் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டு, இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஓர் அறையிலிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் மணிக்கு 9,000 பி.டி.யூ., அதாவது ஏறத்தாழ 2,600 வாட். புரிகிறதல்லவா? அந்தப் பாட்டி வீட்டில் ஏர்கோன் போட்டால், நண்பகலில் அது தன் பலம் முழுவதையும் கூரையோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவழித்துவிடும். அறையைக் குளிர வைக்க அதனிடம் மிச்சம் ஒன்றுமிருக்காது. மின்கட்டணம் மட்டும் ஓடும்.

மின்விசிறியின் நிலையும் இதுதான். விசிறி காற்றைத் தள்ளும், கதிரைத் தள்ளாது. விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் நெற்றி மட்டும் எரிகிறதே என்று சொல்பவர்கள் தகரத்துக் கதிரைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே பாட்டி வீட்டுக்கு நான் சொன்ன யோசனை, ஏர்கோனுக்கு முன்னால் தாள் என்பதுதான். ஹார்ட்வேர் கடைகளில் கூரைக்கென்றே அலுமினியத் தாள் பெரிய சுருளாகக் கிடைக்கிறது. சமையல் தாள் போல் கிழியாது. நடுவில் நூல் வலையோ கெட்டித் தாளோ வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பானதும் உண்டு, இரு பக்கமும் பளபளப்பானதும் உண்டு. கொஞ்சம் கூட விலையானாலும் இரண்டாவதை வாங்குங்கள்.

ஆனால் வாங்குவது பெரிதில்லை, போடுவதில்தான் விஷயம் இருக்கிறது. கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தோட்டத்தை விட்டு வெளியேறி வரிசை வீடு ஒன்று வாங்கியவர்கள். பின்கட்டில் தகரம் போட்டு ஓர் அறை எடுத்து, அதில் தாளும் அடிக்கச் சொன்னார்கள். வந்த குத்தகையாளர் தகரத்தோடு ஒட்டித் தாளை வைத்து, அதன்மேல் ஒட்டுப்பலகையை வைத்து, மூன்றையும் சேர்த்து ஆணியடித்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. சூடு ஒரு பாகையும் குறைந்த மாதிரித் தெரியவில்லை. தாள் என்றாலே ஏமாற்று என்று அவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தவறு தாளில் இல்லை. மறுபடியும் தோசைக்கல்லுக்கே வாருங்கள். சூடான கல்லின்மேல் அலுமினியத் தாளை விரித்து அதன்மேல் கை வைத்தால் என்ன ஆகும்? கை வெந்துபோகும். ஏனென்றால் அலுமினியம் சட்டி பானை செய்கிற உலோகம். தொட்டால் சூட்டை நொடியில் கடத்திவிடும். கதிரைத் திருப்ப வேண்டுமானால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஒரு பக்கமாவது ஓர் அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும், பளபளப்பு முகம் அந்த இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. கைமரங்களுக்குக் கீழ்ப்புறம் தாளை இழுத்துக் கட்டினால், தகரத்துக்கும் தாளுக்கும் நடுவே தானாகவே இடம் கிடைத்துவிடும். தாளோடு தாள் சேருமிடத்தில் அரை அடி மேலேற்றிக்கொள்ளுங்கள். கூரை உச்சியிலும் ஓரத்திலும் மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்கள். நடுவில் அடைபட்ட சூடான காற்று உச்சி வழியாக வெளியேற வேண்டும், ஓரத்து வழியாகப் புதுக்காற்று நுழைய வேண்டும். குருவி கூடு கட்டாமலிருக்க வலையடித்தால் போதும், பலகை வைத்து அடைத்துவிடாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான தாளானால் அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா? எல்லாரும் மேலே என்றுதான் சொல்வார்கள், வெயில் மேலிருந்துதானே வருகிறது என்பார்கள். போட்ட அன்றைக்கு எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். ஆனால் கூரைக்குள் தூசி விழும். செம்மண் சாலைப் பக்கத்து வீடானால் ஓராண்டில் தாள் தெரியாத அளவுக்கு விழும். தூசி படிந்த பளபளப்பு, பளபளப்பே இல்லை. கீழ்ப்பக்கத்தில் தூசி தங்காது. அதனால் பளபளப்பு கீழே பார்த்திருக்கட்டும். சீலிங் பலகையின்மேல் தாளை அப்படியே பாய் மாதிரி விரித்துவிடுகிறவர்களும் உண்டு. சுலபமான வேலைதான், ஆனால் தூசியும் அங்கேதான் விழும். அதைவிடப் பெரிய ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அலுமினியம் மின்சாரத்தையும் கடத்தும். சீலிங்குக்கு மேலே இருட்டில் விளக்குக்கும் விசிறிக்கும் போகும் வயர்கள் கிடக்கின்றன. பழைய வீடுகளில் அந்த வயரின் மேலுறை வெடித்திருக்கும், எலி கடித்திருக்கும், யாரோ எப்போதோ ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருப்பார்கள். அதன்மேல் தாளை விரித்தால், அல்லது தாளை அடிக்கும் இரும்புக் கிளிப் வயருக்குள் இறங்கினால், கூரை முழுவதும் மின்சாரம் பாய்ந்துவிடும். இது கற்பனைப் பயமல்ல. ஆஸ்திரேலியாவில் 2009இல் அரசாங்கமே செலவை ஏற்று வீடுகளின் கூரைக்குள் வெப்பத்தடுப்புப் போடும் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவசர அவசரமாக, போதிய பயிற்சியில்லாத இளைஞர்கள் கூரைக்குள் ஏற்றப்பட்டார்கள். சில மாதங்களுக்குள் நான்கு இளைஞர்கள் இறந்துபோனார்கள். மூவரை மின்சாரம் தாக்கியது. ஒருவர் கூரைக்குள் இருந்த சூட்டாலேயே இறந்தார். 2010 பிப்ரவரியில் அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது. பிறகு அரசாங்கம் விசாரணை ஆணையம் அமைத்து நடந்ததை ஆராய்ந்தது. வசதியும் சட்டமும் நிறைந்த நாட்டில் நடந்தது இது.

ஆகையால் தாளைத் தொடுமுன் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு மேலே உள்ள வயர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டதை மாற்றிய பிறகுதான் அடுத்த வேலை. அதற்கு ஆகும் காசு தாளின் விலையைவிட அதிகமாக இருந்தாலும் சரிதான். வேலை நடக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டிவிடாதபடி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெளியிலிருந்து அதுவரை வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், அதன் பக்கமே போகாதீர்கள். தாள் எந்த வயரையும் தொடக்கூடாது. காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்குமேல் அந்த இடம் அடுப்பு. இன்னொன்று, பழைய வீடுகளில் கூரையோ சீலிங்கோ ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடாக இருந்தால் அதில் துளை போடவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வந்து நிற்கும்.

இனிமேல் காசுக் கணக்கு. தாள் போட்டால் மின்கட்டணம் பாதியாகக் குறையும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதை அப்படியே நம்பவேண்டாம். வீட்டில் விசிறி மட்டும்தான் இருக்கிறது என்றால், விசிறி ஒன்றுக்கு 70 வாட், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் மாதத்துக்கு 25 யூனிட்தான். அதில் எவ்வளவு மிச்சமாகிவிடும்? அந்த வீட்டில் மிச்சமாவது காசல்ல, தூக்கம். ஏர்கோன் இருக்கும் வீட்டில் கணக்கு வேறு. ஒரு குதிரைத்திறன் இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ முக்கால் யூனிட் இழுக்கும். நாளுக்கு எட்டு மணி நேரமானால் மாதம் 180 யூனிட். அதைப் பகலில் ஓட்டுகிறவர்களுக்குத் தாள் நல்ல லாபம் தரும். இரவில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அவ்வளவு இல்லை. தகரம் மெல்லியது, சூரியன் மறைந்ததும் விரைவில் ஆறிவிடும். விடியற்காலையில் தகரத்தின் அடியில் நீர் துளித்துச் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வானத்தை நோக்கித் தன் சூட்டையெல்லாம் வீசிவிட்டு, காற்றைவிடவும் குளிர்ந்துபோனதால் வந்த நீர் அது.

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை முதல் வந்திருக்கும் மின்கட்டண முறையில், மாதம் 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்குச் சிக்கனத்துக்கான கழிவு தருகிறார்கள். பயன்படுத்தும் அளவு குறையக் குறைய, ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் கழிவு கூடும். 600 யூனிட்டைத் தாண்டாதவர்களுக்கு மாதம் 10 வெள்ளி வாடிக்கையாளர் கட்டணமும் இல்லை. ஆகவே ஏர்கோன் வாங்கத்தான் போகிறோம் என்று முடிவு செய்தவர்கள், முதலில் தாளைப் போட்டு ஒரு மாதம் பார்த்துவிட்டு, பிறகு சின்ன இயந்திரமாக வாங்குவது நல்லது. பலர் தாளோடு நிறுத்திக்கொண்டுவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீடு நம்முடையதல்ல. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், 446ஆம் சட்டம் என்று சொல்வார்கள், 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி வீடுகளைப் பழுதின்றி நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. அனுமதியின்றி வீட்டை மாற்றிக் கட்டக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதனால் நாமாகச் சுத்தியலை எடுப்பதற்கு முன்னால், லயத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். துருவேறிய தகரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், மாற்றும்போதே தாளும் போடச் சொல்லிக் கேளுங்கள். தகரத்தைக் கழற்றிய அன்று தாள் போடுவது அரை நாள் வேலை. பிறகு போடுவதென்றால் தனிச் செலவு. சங்கக் கிளைத் தலைவர் மூலமாகக் கேட்டால் இன்னும் நல்லது. முதல் தாள் எங்கே போட வேண்டும் என்று கேட்டால் ஆயாக் கொட்டகையைக் காட்டுங்கள். கைக்குழந்தைக்கு வெயில் தாங்காது, தாகமாக இருக்கிறது என்று சொல்லவும் தெரியாது. நம் நாட்டில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பம் 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை. அது நிழலில் வைத்த வெப்பமானி காட்டிய அளவு. தகரத்துக்கு அடியில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அந்த நிழலும் கிடையாது.

கேட்பது அதிகப்படியான ஆசை என்று யாராவது சொன்னால், அவர்களுக்குச் சொல்ல ஒரு விதி இருக்கிறது. 2012இல் கட்டட விதிகளில் 38ஏ என்று ஒரு துணைவிதி சேர்க்கப்பட்டது. சிலாங்கூர் அதே ஆண்டு அதை அரசிதழில் வெளியிட்டது. வெளியிலும் உள்ளேயும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால், தகரம் போன்ற இலேசான கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக 0.4 வாட்டுக்கு மேல் வெப்பம் புகக்கூடாது என்பது அதன் சாரம். வெறும் தகரத்தில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் புகும். புதிதாகக் கட்டும் வீடுகளுக்கான விதி அது, பழைய லயங்களைக் கட்டுப்படுத்தாது. அந்த அளவுக்குக் கொண்டுவரத் தாள் மட்டும் போதாது, தாளோடு பாறைப் பஞ்சு மெத்தையும் சேர்த்துப் போடுவார்கள். ஆனாலும் புதிதாக வீடு வாங்கப் போகிறவர்கள், கூரைக்குள் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று வீடு கட்டுகிற நிறுவனத்தைக் கேட்கலாம். சமையலறை ஓட்டின் நிறத்தைக் கேட்கிறோம், இதையும் கேட்பதில் கூச்சம் எதற்கு?

தாளுக்கு வசதியில்லாதவர்களுக்கு வெள்ளைப் பூச்சு இருக்கிறது. தகரத்தின் துருவைச் சுரண்டி, மேலே கூரைக்கென்று விற்கும் வெள்ளைப் பெயிண்டை அடித்தால் வெயிலின் பெரும்பகுதி கூரையிலிருந்தே திரும்பிவிடும். இந்தியாவில் அகமதாபாத் நகரில் 2010 மே மாத வெப்ப அலையில் ஏராளமானோர் இறந்த பிறகு, நகராட்சி விழித்துக்கொண்டது. 2017இல் ஏழை மக்களின் வீடுகளில் மூவாயிரம் கூரைகளுக்கு வெள்ளை பூசினார்கள். நம் ஊரில் பாசி பிடித்துக் கறுத்துவிடும், ஆகையால் அவ்வப்போது கழுவிவிட வேண்டும். பழைய தகரத்தின்மேல் ஏறுவதும் ஆபத்து. ஆணி வரிசையின்மேல், சட்டம் இருக்கும் இடமாகப் பார்த்துப் பலகை போட்டு ஏற வேண்டும். அடுக்குமாடி வீட்டில் நடுமாடியில் குடியிருப்பவர்களுக்குத் தாளும் பூச்சும் எதுவும் செய்யாது. அவர்களுடைய சூடு மேற்குச் சுவரிலிருந்தும் சன்னலிலிருந்தும் வருகிறது. அதற்கு வெளிப்புறம் ஒரு மறைப்புக் கட்டுவதுதான் வழி. அதைப் பற்றி வேறொரு சமயம் பேசலாம்.

பாட்டி வீட்டுக் கதையை முடிக்கவில்லை. நிர்வாகத்திடம் கேட்டு, வயர்மேனை வைத்துப் பழைய வயரை மாற்றி, மகன் படுக்கும் அறைக்கு மட்டும் முதலில் தாள் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது மணி இரண்டு இருக்கும். பாட்டி அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "என்ன பாட்டி, தாள் போட்டும் வீடு சுடுகிறதா?" என்றேன். "மெதுவா பேசுங்க வாத்தியாரே, பையன் தூங்குறான்" என்றார்.